வக்கீலின் தொண்ணூறு மார்க்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குத் தொண்டைக் கட்டு, இரண்டும் வீட்டில் ஆளாளுக்கு ஒன்றாக இருக்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது? வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறாயா, இல்லை வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறாயா? போனில் கேட்டால் மழுப்புவாய், மூன்றாவது நிமிடம் சண்டை வரும். அதனால்தான் கடிதம். தாளில் மழுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த வருடம் பத்தாம் வகுப்புக்கு நான்தான் கணக்கு. நாற்பது பிள்ளைகள். சிரிக்காதே, வாரா வாரம் நாற்பது கேள்வித்தாள் தயார் செய்கிறேன். ஆளுக்கு ஒன்று, அவரவர் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து. தையல் கடையில் மாமாவுக்கு உதவுகிற பையனுக்குப் பின்னம் எல்லாம் துணி அளவில் கேட்டேன், பளிச்சென்று போடுகிறான். கழித்தல் குறியைப் பார்த்தாலே பேனாவை மூடிவிடுகிற பெண்ணுக்கு அந்தக் குறியே இல்லாத தாள். போன வாரம் அவளே வந்து, "எனக்கும் மைனஸ் குடுங்க டீச்சர்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் ஒரு படி ஏற்றினால் வருடக் கடைசியில் எல்லோரும் பொதுத் தேர்வின் உயரத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது என் திட்டம். எங்கள் பள்ளியில் மாடல் பரீட்சை வரை அவரவர் ஆசிரியரே தேர்வு வைத்துக்கொள்ளலாம். பெரிய டீச்சர் தலையிடுவதில்லை.

பிள்ளைகள் மட்டும் ஏன் ஆளுக்கொரு தாள் என்று கேட்டார்கள். "பக்கத்துல பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாதுல்ல, அதான்" என்றேன். நம்பிவிட்டார்கள். யார் தாள் சுலபம், யார் தாள் கஷ்டம் என்ற பேச்சே இல்லை. அழாத வகுப்பு அண்ணா இது.

இதில் ஒருத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். யாருக்குத் தண்டனை கொடுத்தாலும் எழுந்து நின்று வாதாடுவாள். அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், புருவத்தில்கூட பெயிண்ட் இருக்கும். கணக்கில் பூஜ்யமாக வந்தவள் இப்போது என் தேர்வில் தொண்ணூறு எடுக்கிறாள். தாளை அப்பாவிடம் காட்ட ஓடுகிற ஓட்டத்தை நீ பார்க்க வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஆகஸ்ட் 30

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். கண்ணும் நலம். கண்ணாடி போடுகிறேன், உன் அண்ணி மேல் சத்தியம். அவள் பக்கத்தில் நின்று, "என் மேல ஏன் சத்தியம் பண்றீங்க, உங்க மேல பண்ணுங்க" என்கிறாள்.

நாற்பது கேள்வித்தாளா? நாங்கள் இங்கே கப்பல் பட்டறையில் ஒரே ஒரு கப்பலை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க முழிக்கிறோம். நீ செய்வது நல்ல வேலை. எனக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் இன்றைக்கு நான் இந்தப் பட்டறையிலேயே மேனேஜராக இருந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வக்கீலின் தொண்ணூறு எந்த வகுப்புக் கணக்குக்கு? அது அவளுக்குத் தெரியுமா?

அம்மாவை மருந்து தேய்க்கச் சொல்.

அண்ணன்


அக்டோபர் 3

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதம், மன்னித்துவிடு. எல்லோரும் நலம். தொண்டை இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். தையல்காரப் பையன் பொதுத் தேர்வுத் தாளில் பாதியைத் தொட்டுவிட்டான். மைனஸ் பெண் இப்போது மைனஸுக்குள்ளேயே குடியிருக்கிறாள்.

வக்கீல் விஷயம் கேட்டிருந்தாய். அவளுக்கு ஆறாம் வகுப்புக் கணக்கில் ஆரம்பித்தேன். இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தேன். ஏற்றிய வாரம் நாற்பது மார்க். பேச்சு நின்றுவிட்டது, சாப்பிடாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் வாதாடவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை, மறுபடி இறக்கினேன். இறக்கியதும் தொண்ணூறு, சிரிப்பு, வாயடி எல்லாம் திரும்பி வந்தன. கொஞ்ச நாள் போகட்டும், மெதுவாக ஏற்றலாம்.

இதற்கு நடுவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து வந்தார்கள். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பயிற்சி. ஒன்பதாவது முடித்திருந்தால் போதும். தங்க இடம், சாப்பாடு, முடித்ததும் வேலை. பள்ளியிலேயே நேர்காணல் வைத்தார்கள். நம் வக்கீல் அவர்களையே நாலு கேள்வி கேட்டிருக்கிறாள், உடனே எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கு வரமாட்டார்களாம்.

பெயிண்டர் என்னைத் தேடி வந்தார். வகுப்பு வாசலிலேயே நின்றார், தரையில் கறை படுமென்று உள்ளே வரவில்லை. "டீச்சர், தொண்ணூறு மார்க் வாங்குற பொண்ணை யாராவது ஏசி ரிப்பேருக்கு அனுப்புவாங்களா? பாஸாயிட்டா மேல படிக்க வைக்கிறேன். ஃபெயிலானா அவங்க அம்மா வேலை பார்க்குற ரப்பர் கிளவுஸ் கம்பெனிதான், வேற வழியில்ல. ஆனா இவ எங்க ஃபெயிலாகப் போறா? நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா சரி" என்றார்.

"அவ இஷ்டம் எதுவோ அப்படிச் செய்யுங்க" என்றேன்.

அண்ணியின் இருமல் நின்றதா?

உன் தங்கை


அக்டோபர் 15

தங்கைக்கு,

இருமல் நின்றது. எல்லோரும் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க வந்தார். நீ "அவ இஷ்டம்" என்று கையைக் கழுவிவிட்டாய். ஆறாம் வகுப்புக் கணக்குப் போடுகிற பெண்ணுக்குப் பத்தாவது பரீட்சை எழுத இஷ்டமாம். அவளுக்குத் தெரிந்தால்தானே அது இஷ்டம்?

நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயிலான கதை உனக்குத் தெரியும், ஆனால் நீ அப்போது சின்னப் பெண். சார் ஒவ்வொரு தடவையும் என் முதுகில் தட்டி, "நல்லா வருவடா" என்பார். ரிசல்ட் வந்த அன்று நான் பலகைக்கு முன்னால் நின்று என் நம்பரைத் தேடிக்கொண்டே இருந்தேன். பக்கத்து பெஞ்சுக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "உனக்கு வராதுன்னு சாரே சொன்னாரேடா, நீ ஏன் தேடுற?" ஃபெயிலானதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு என்னால் தலை நிமிர்ந்து சோறு தின்ன முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்து கப்பல் தகட்டை ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

நவம்பர் கடைசிக்குள் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


நவம்பர் 10

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? இங்கே விடாத மழை. வகுப்பின் கூரை ஒழுகுகிறது. வாளி வைத்தால் அது நிரம்புகிற சத்தத்தில் பிள்ளைகள் தாளம் போடுகிறார்கள். கடைசி பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டோம், இப்போது எல்லோரும் என் மூக்குக்கு நேராக. கடைசி பெஞ்சு ராஜாக்கள் மூன்று பேரும் நாடு இழந்தவர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா குளியலறையில் வழுக்கி, சுவரைப் பிடித்துச் சமாளித்துவிட்டாள். பயப்படாதே. புது மருந்து கேட்கிறது. சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது, அதைச் சரிசெய்யச் சொன்னால் கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார். பெரிய டீச்சர் எல்லோருக்கும் பேனா வாங்கிக் கொடுத்தார், அதில் பாதி எழுதவில்லை.

கண்ணாடி போடு. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

மற்றது, சொல்லிவிடுவேன்.


நவம்பர் 18

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கூரை இருக்கிறது, வாளி இருக்கிறது, எழுதாத பேனா இருக்கிறது. அந்தப் பெண் எங்கே? தாளில் மழுப்பினால் எனக்கும் தெரியும்.

அம்மாவைத் தனியாகக் குளிக்க விடாதே. இந்த வாரமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போ.

அண்ணன்


டிசம்பர் 9

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

போனேன். கெடு முடிய நாலைந்து நாள் இருக்கும்போதே போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஒரே அறை. ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவர், தன் வீட்டுச் சுவரைப் பூசாமல் விட்டிருக்கிறார். ஒரு மூலைக்கு மட்டும் மிச்சப் பெயிண்ட் அடித்திருந்தார், மேலே நீலம், கீழே மஞ்சள். "அது படிக்கிற இடம் டீச்சர்" என்றார். என்னையும் அங்கேயே உட்கார வைத்தார்கள். அவள் அம்மா கிளவுஸ் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், முழங்கை வரை வெள்ளைப் பவுடர். கையைக் கழுவாமலேயே டீ போட ஓடினாள்.

வக்கீல் வாசலில் அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு கணக்கு. ரொம்பச் சின்னவனுக்கு ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்கிற மாதிரி. அவன் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை எட்டிப் பார்க்க, "அங்க ஏன்டா பார்க்குற? உனக்கு வேற, அவளுக்கு வேற. காப்பி அடிக்கக் கூடாது" என்று என் குரலிலேயே அதட்டினாள்.

மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். "நல்லா படிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெருமுனையில் நின்று அழுதேன். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

நவம்பர் முடிந்தது. அவள் இடத்தை வேறு பள்ளிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் அவளைத் தனியாக உட்கார வைத்து ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று இழுக்கிறேன். "ஏன் டீச்சர் திடீர்னு இவ்ளோ கஷ்டமா குடுக்குறீங்க?" என்கிறாள். என்னத்தைச் சொல்ல? நாலு வருடத் தூரத்தை ஓரிரு மாதத்தில் எப்படி இழுப்பேன்? மற்றப் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள் என்று யாராவது பாராட்டினால் அவர்கள் மேல் எரிந்து விழுகிறேன்.

திட்டியாவது பதில் போடு.

உன் தங்கை


ஜனவரி 20

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று அண்ணி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாளாம். அதுவரை நிம்மதி.

மாடல் பரீட்சை முடிந்தது. எல்லோருக்கும் ஒரே தாள், வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்தியது. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். வக்கீலுக்குப் பதினொன்று.

மறுநாள் பெயிண்டர் வேலைக்குப் போகாமல் சண்டைக்கு வந்துவிட்டார். திருத்தியவர் மேல் புகார் எழுதப் போவதாகச் சொன்னார். பெரிய டீச்சர் அறையில் நாங்கள் நாலு பேர். பெயிண்டர் கத்த, பெரிய டீச்சர் சமாதானம் சொல்ல, வக்கீல் குறுக்கே வந்தாள். "அப்பா, நீங்க இருங்க. நான் பேசுறேன்."

அண்ணா, அவள் பேசிய அழகை எப்படி எழுதுவேன்? குரலை உயர்த்தவில்லை. "மேடம், வருஷம் பூரா எங்க டீச்சர் வச்ச டெஸ்ட் எல்லாத்துலயும் தொண்ணூறு. ஒரே ஒரு பரீட்சைல பதினொண்ணு. இதுல எது தப்பா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப வேணாம். டீச்சர் இங்கதான் இருக்காங்க, அவங்களையே கேளுங்க."

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"தொண்ணூறுதாம்மா தப்பு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "எல்லாருக்கும் வேற வேற பேப்பர் குடுத்தீங்களே டீச்சர், காப்பி அடிக்கக் கூடாதுன்னுதானே?" என்றாள். இல்லை என்றேன். அவரவருக்கு எது முடியுமோ அதைக் கொடுத்தேன் என்றேன்.

என்னையே பார்த்துக் கேட்டாள். "அப்போ என்னோடது... எங்க வாசல்ல அந்தச் சின்னப் பையனுக்கு நான் குடுப்பேனே, அந்த மாதிரியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பெயிண்டர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்த ஏசி வேலைக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். பிறகு மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வகுப்புக்குள் விஷயம் போக எவ்வளவு நேரம்? இன்று ஒவ்வொருவராக வந்து, "டீச்சர், என் பேப்பர் எந்த கிளாஸோடது?" என்று கேட்கிறார்கள். ஏறிவிட்ட பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். தையல்காரப் பையன் நூற்றுக்கு எழுபது உண்மையாகவே வாங்கியிருக்கிறான். அதை நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். வக்கீல் பள்ளிக்கு வரவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை அண்ணா. ராஜினாமா எழுதலாம் என்று உட்கார்ந்தேன், அதற்குக்கூடக் கை வரவில்லை.

உன் தங்கை


பிப்ரவரி 2

தங்கைக்கு,

நானும் அண்ணியும் நலம். பதில் போடாததற்குக் காரணம் கோபம். நாலு தடவை எழுதினேன், நாலும் நான் என் பழைய சாரைத் திட்டுவதுபோலவே வந்தது, கிழித்துவிட்டேன். நீ அவர் இல்லை. அவர் ஒரு தாளைத்தான் எல்லோர் மேலும் எறிந்தார், நீ உட்கார்ந்து நாற்பது எழுதினாய். ஆனால் அவர் என்னிடம் சொல்லாமல் விட்டார், நீ அவளிடம் சொல்லாமல் விட்டாய், அதில் மட்டும் நீங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான். இதைச் சொல்லாமல் உனக்கு ஆறுதல் எழுதினால் நானும் உன்னைப்போலப் பூசி மெழுகியவன் ஆவேன்.

நான் ஃபெயிலான பிறகு ஒரு வாரம் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சார் வருவாரா என்று. வந்து திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவர் வரவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்.

நீ எதிர்ப்பக்கம் போகாதே. மன்னிப்புக் கேட்டு அழுவதற்காகவும் போகாதே, அதையும் அந்தப் பெண்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போ. ராஜினாமாவை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணா,

நீ, அண்ணி, உன் கண் எல்லாம் நலமாக இருக்க வேண்டும். அம்மா நலம்.

நீ சொன்னபடி போனேன், வக்கீல் வீட்டில் இல்லை. கிளவுஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். பெயிண்டர் கதவைத் திறந்தார், "கம்பெனியில இருக்கா" என்றார், கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலை விடுகிற நேரம் கம்பெனி வாசலில் போய் நின்றேன். பெண்கள் கூட்டமாக வந்தார்கள், எல்லோர் கையிலும் அந்த வெள்ளைப் பவுடர். என்னைப் பார்த்ததும் நின்றாள். அம்மாவைப் போகச் சொன்னாள். நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டாள், "பரீட்சைக்கு என் பேர் இன்னும் இருக்கா டீச்சர்?" இருக்கிறது என்றேன். "அப்போ எல்லாருக்கும் குடுக்குற பேப்பரைக் கொண்டு வாங்க. எனக்குன்னு எழுதினது வேணாம். என் முன்னாடியே திருத்துங்க."

அன்றிலிருந்து தினமும் போகிறேன். கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது, அதன் ஓரத்து பெஞ்சில் உட்காருவோம். பழைய பொதுத் தேர்வுத் தாள்களைக் கொண்டுபோகிறேன். நின்றே வேலை செய்கிற கால், பெஞ்சில் உட்கார்ந்ததும் மரத்துப்போகிறதாம், தேய்த்துக்கொண்டே போடுகிறாள். ஒன்பது வாங்கினாள். அப்புறம் பதினான்கு. அப்புறம் மறுபடி பன்னிரண்டு. நான் தப்பு என்று கோடு போடும்போது என் கையை உற்றுப் பார்க்கிறாள், எங்கேயாவது இரக்கப்பட்டு விட்டுவிடுவேனோ என்று. ஒரு தடவை ஒரு மார்க் கேள்வியில் பாதி சரியாக இருந்ததற்கு அரை மார்க் போட்டேன். "பொதுத் தேர்வுல இதுக்கு அரை குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கொடுக்கமாட்டார்கள் என்றேன். "அப்போ அடிங்க." அடித்தேன். அண்ணா, என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு கோடு போட்டதில்லை.

முன்புபோலச் சிரிப்பதில்லை. என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்ளவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டாள். பெயிண்டர் வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நேற்று பத்தொன்பது வாங்கினாள். இதுவரை அதுதான் அதிகம். தாளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"டீச்சர், நான் பாஸாயிடுவேனா?"

பழைய பதில்கள் அத்தனையும் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. பார்க்கலாம், முயற்சி பண்ணு, உன்னால முடியும்.

"இந்தத் தடவை ஆக மாட்டம்மா" என்றேன்.

கம்பெனி கேட்டைச் சாத்துகிறவர் சங்கிலியை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். மடித்த தாளைப் பிரித்து, என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சரி. ஏழாவது கேள்வில எங்க தப்பு பண்ணேன், காட்டுங்க."

உன் தங்கை